பதினெட்டுப் பாகை

கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
ரெஜிபோம் பெட்டிக்குள் வந்தான் சொதி.
மடியில் வைத்திருந்தேன்.
கல்ஓயாச் சந்தியில் ரயில் நிற்க
முன்சீட்டுக்காரர் மூடியைத் தூக்கிப் பார்த்து
"பல்லியா பிள்ளை?" என்றார்.
இல்லை, அக்ஸலோட்டில்.
"மீனா?"
அதுவும் இல்லை.
"அப்ப என்னத்துக்கு?"
திருகோணமலை வரைக்கும்
எனக்குப் பதில் வரவில்லை.

தேங்காய்ப்பால் நிறம்.
கழுத்தின் இரு பக்கமும் மும்மூன்று செவுள்,
சிவப்பு நூலைப் பிய்த்து ஒட்டியதுபோல்.
இமை இல்லை.
அதனால் தூங்கும்போதும்
என்னையே பார்க்கிறான் என்று
முதல் கிழமை முழுக்க நம்பியிருந்தேன்.

அவனுக்கு வேண்டியது பதினெட்டுப் பாகை.
பாலையூற்றில் விடிய ஏழு மணிக்கே முப்பது.
கொஞ்சம் மேற்கே போனால் கன்னியாவில்
ஏழு கிணறும் அடுப்பில்லாமலே சுடுகின்றன.
இந்த மண்ணில் இருந்துகொண்டு
குளிர் தண்ணீர் தேடுகிறவளை
என்னவென்று சொல்வது?
தவமலர் என்று சொல்லலாம்.
மின்சார சபை, முறைப்பாட்டுப் பிரிவு.

எல்லாம் தெரியாமல்தான் செய்தேன்.
குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றப் போனேன்.
குளோரின் செவுளை எரிக்கும் என்றறிந்து
மருந்துச் சொட்டு விட்டு வாளி வாளியாய் வைத்தேன்;
குளியலறையில் ஒற்றைக் காலில் நின்று குளித்தேன்.
அழகுக்கென்று கூழாங்கல் பரப்பினேன்.
ஒன்றை விழுங்கிவிட்டான்.
மூன்று நாள் அவன் பின்பக்கத்தையே பார்த்திருந்தேன்.
நாலாம் நாள் காலை
தொட்டியின் அடியில் தனியே கிடந்தது கல்.
கழுவி, சாமித்தட்டில் வைக்கப் போய்,
வெட்கப்பட்டு
சன்னலில் வைத்தேன்.

வாழையடியில் மண்புழு.
முதல் புழுவை எடுக்கக் கரண்டி தேடினேன்,
இப்போது விரலே போதும்.
பிரிட்ஜில் எனக்கு இடமில்லை:
உறைந்த போத்தல்கள்,
உறையப்போகும் போத்தல்கள்.

ஆனி மாதம். கச்சான் காற்று.
இரவு பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு பாகை.
போத்தல்கள் வியர்த்து ஓய்ந்தன.
ஒரு மணிக்கு இருபத்தைந்து.
சொதியின் வால்நுனி கொக்கிபோல் சுருண்டது.
எங்கள் இலக்கத்துக்கே அடித்தேன்.
இரவு வேலையில் சுகிர்தன்.
"ஆக்கள் போயிட்டினம். வரும், கொஞ்சம் பொறுங்கோ."
அந்த வசனம் என்னுடையது.
நான்தான் அவனுக்குப் பழக்கினேன்.
பிரிட்ஜில் இன்சுலின் இருக்கு என்ற மனுசிக்கும்
போன மாதம் அதைத்தான் சொன்னேன்.
பொறுங்கோ.

ஸ்கூட்டியை எடுத்தேன்.
கொட்பேயில் பலநாள் படகொன்றுக்கு
ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது.
"எத்தனை கிலோ மீன், தங்கச்சி?"
"ஒண்டுதான்."
"ஒரு மீனுக்கா அரைக் கட்டி?"
"மீனும் இல்லை."
உடைக்கிற கம்பி அந்தரத்தில் நின்றது.
பிறகு உடைத்தார்.
காசில் ஒரு சதம் குறைக்கவில்லை.

மீன்வாசம் கலக்காமல் இரட்டைப் பையில் கட்டி,
ஒரேயடியாய்க் குளிரவிடாமல்
கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினேன்.
டோர்ச்சை அவன் முகத்துக்கு அடிக்காமல்
கூரைக்குப் பிடித்தபடி.
இருபத்துநாலு.
இருபத்துநாலு.
இருபத்துமூன்று.
கரண்ட் எப்போது வந்ததென்று தெரியாது;
பம்பு உறுமியபோதுதான் நிமிர்ந்தேன்.
வால் நேராகிக் கிடந்தது.
வாய் எப்போதும்போல்.
அது சிரிப்பில்லை, வாயின் வெட்டு அப்படி,
இப்போது தெரியும்.
என்றாலும் திரும்பிச் சிரித்தேன்.

எட்டரைக்கு முதல் அழைப்பு.
மனையாவெளியில் ஒரு அம்மா, லைட் இல்லையாம்.
"வரும்" என்று தொடங்கி நிறுத்தினேன்.
"பிரிட்ஜுக்குள்ள என்ன வைச்சிருக்கிறீங்கள்?"
அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது.
"ஏன் பிள்ளை,
காலமை சாப்பிடேல்லையோ?"